பழைய வீட்டின் சாவி

2018 ஜூலை 20, வெள்ளிக்கிழமை. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்களை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று சிங்கப்பூர் அரசு அறிவித்தது. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பால், இனம், பிறந்த தேதி. அவர்களில் ஏறத்தாழ 1,60,000 பேருக்கு எந்த மாத்திரை கொடுக்கப்பட்டது என்ற குறிப்பும் போயிருந்தது. பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்துச் சீட்டைக் குறிவைத்து, திரும்பத் திரும்பத் தேடியிருந்தார்கள். அடுத்த சில நாட்களில் நோயாளிகளுக்கெல்லாம் எஸ்எம்எஸ் வந்தது: உங்கள் விவரம் போயிருக்கிறது, அல்லது போகவில்லை.

தேக்கா பக்கம் இருப்பவர்களுக்கு இது தள்ளி நடந்த சங்கதி அல்ல. நாம் கேகே ஆஸ்பத்திரி என்று சொல்லும் கண்டாங் கெர்பாவ் மகளிர், சிறார் மருத்துவமனை சிங்ஹெல்த்தைச் சேர்ந்தது. 1966இல் ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்து கின்னஸில் ஏறிய இடம். பக்கத்து வீட்டு அக்கா தன் போனை என்னிடம் நீட்டி, "என்னோட பிரஷர் மாத்திரை பேரு தெரிஞ்சு அவனுக்கு என்னடா ஆகப்போவுது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அப்போது இருந்த கேள்வி வேறு: எப்படி உள்ளே வந்தான்?

ஆறு மாதம் கழித்து, 2019 ஜனவரியில், ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. நானூறு பக்கங்களுக்கு மேல். பத்திரிகைகள் அதை ஒரு ஹேக்கர் கதையாகச் சொல்லின. கெட்டிக்காரன், பொறுமைசாலி, பின்னால் பெரிய பலம் உள்ளவன். அது பொய்யில்லை. ஆனால் இருபது வருடம் சர்வர் வேலை பார்த்தவன் என்ற முறையில் படித்தபோது, எனக்கு அது வீடு மாறிய கதையாகத்தான் தெரிந்தது. புது வீட்டுக்குக் குடிபோனவர்கள் பழைய வீட்டைப் பூட்ட மறந்த கதை.

அதைச் சொல்வதற்கு முன்னால், கணினியில் 'ஆள்' என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில்தான் பயனர் கணக்கு என்ற ஒன்று தேவைப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு செய்த சிடிஎஸ்எஸ் அமைப்பில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். அந்தக் கடவுச்சொற்கள் அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1966இல் ஒரு நிர்வாகி அந்தக் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் அன்றைய வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு தற்காலிக நகல்களும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் 'வணக்கம்' வரவேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொல்லும் வரிசையாக வந்தது. கணக்குகளை நகலெடுக்கும் வேலையின் வரலாறு கிட்டத்தட்ட ஒரு விபத்தோடுதான் தொடங்குகிறது.

பிறகு வந்த யூனிக்ஸில் ஒரு நுட்பம் உண்டு. கோப்பின் மேல் உரிமையாளரின் பெயர் எழுதப்படுவதில்லை, எண்தான் எழுதப்படுகிறது. ஒரு மெஷினில் 501 என்றால் முத்து, பக்கத்து மெஷினில் 501 என்றால் மெய் லிங் என்று வைத்துக்கொள்வோம். முத்துவின் கோப்புகளை எண் மாறாமல் அப்படியே அங்கே கொண்டுபோய் இறக்கினால், அவை மெய் லிங்கின் சொத்து. யாரும் திருடவில்லை, எந்தப் பிழைச்செய்தியும் வராது. விண்டோஸ் இதற்கு வேறு வழி பார்த்தது. ஒவ்வொரு கணக்குக்கும் வேறெங்கும் வராத ஒரு நீண்ட எண். ஆளை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் அவர் வேறு ஆள்தான். பழைய கோப்பின் அனுமதிப் பட்டியலைத் திறந்தால் முத்துவின் பெயர் இருக்காது. எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண் மட்டும் கேட்பாரற்று நிற்கும்.

பூட்டு விஷயமும் இப்படித்தான். விண்டோஸில் ஒரு கோப்பை அதே டிஸ்க்குக்குள் நகர்த்தினால் அதன் அனுமதிகள் கூடவே வரும். நகலெடுத்தால் போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதிகள் ஒட்டிக்கொள்ளும். நகர்த்தலுக்கும் நகலுக்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரியாமல் சம்பளப் பட்டியலை ஆபீஸ் முழுக்கத் திறந்து வைத்தவர்கள் உண்டு. வேறு கணினிக்குப் போனால் எதுவுமே தானாக வராது. நாமாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

அந்த 'நாமாக' என்பதில் நானும் இருந்திருக்கிறேன். 2001 வாக்கில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கம்பெனியில், விண்டோஸ் என்டி 4இலிருந்து விண்டோஸ் 2000க்கு மாற்றும் வேலை. வெள்ளி இரவு தொடங்கி திங்கள் காலைக்குள் முடிக்க வேண்டும். என்னோடு இருந்த சீனியர், ஜொகூர்க்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பட்டியலை எடுத்தால் அறுபது சொச்சம் கணக்குகள். ஆபீஸில் இருந்ததோ நாற்பது பேர்.

முதல் தலைவலி பெயர்கள். லாகின் பெயர் 20 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, சாய்கோடு கூடவே கூடாது. நம்மாட்களின் ஐசியில் உள்ள பெயரோ 'எஸ்/ஓ', 'டி/ஓ' இல்லாமல் நிற்காது. இன்னாருக்கு மகன், இன்னாருக்கு மகள். தந்தை பெயரோடு சேர்த்து எழுதினால் முப்பது எழுத்தைத் தாண்டும். சாய்கோட்டைத் தூக்கி, வாலை வெட்டி, 'கிருஷ்ணசாமிசோசு' மாதிரி ஒரு உருவத்தில் பெரியவர் ஒருவரைப் பதிந்தோம். அவர் ஓய்வுபெறும்வரை கம்பெனி கம்ப்யூட்டரில் அவர் பெயர் அதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டாவது, அந்த இருபது கணக்குகள். 'டெம்ப்2', 'பேக்கப்', 'டெஸ்ட்', ஏற்கெனவே வேலையை விட்டுப் போன கணக்காளர், ஒரு பழைய பிரின்டர் கம்பெனிக்காரனுக்காகத் திறந்த அட்மின் கணக்கு. இதையெல்லாம் விட்டுவிடலாமே என்றேன்.

"தெரியாதத தொடாத தம்பி. திங்கக்கெழம காலைல ஏதாச்சும் நின்னுபோச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அண்ணன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் சிக்கல். ஒரு கணக்கை அழித்து ஏதாவது நின்றுபோனால், திங்கள் காலை ஒன்பது மணிக்கே தெரிந்துவிடும். திட்டு விழும், பில் வராது. அழிக்காமல் விட்டால் ஒன்றும் ஆகாது. பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது. பதினோராவது வருஷம் ஆகும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். இப்படி எடைபோட்டால் எந்த மனுஷனும் நகலெடுக்கத்தான் செய்வான். அன்றைக்கு இந்த மாற்றத்துக்கென்றே மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த கருவியிலும் இந்தத் தயவு இருந்தது. புதுக் கணக்கு தன் பழைய எண்ணையும் கூடவே சுமந்து வரலாம், பழைய பூட்டெல்லாம் அதற்கும் திறக்கும். தொடக்கப் பதிப்பில் பழைய கடவுச்சொல்லைக் கொண்டுவர வழியில்லை. அதற்குப் பதில் ஒரு வசதி வைத்திருந்தார்கள்: பயனர் பெயரையே கடவுச்சொல்லாக வைத்துவிடு. நாங்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். முதல்முறை நுழையும்போது மாற்றிக்கொள்ளச் சொன்னோம். நாற்பது பேர் மாற்றினார்கள். அந்த இருபது?

இதே நகரத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று வேறு மாதிரி நடந்திருக்கிறது. 1948இல், மலாயாவில் அவசரநிலை அறிவித்த ஆண்டு, ஆங்கிலேய அரசு இங்கே 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. காகித அட்டை. சுதந்திரத்துக்குப் பின், 1966 மே மாதம், எல்லோரையும் புதிதாகப் பதிய ஆரம்பித்தார்கள். குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம். நான் இதில் கவனிப்பது ஒன்றைத்தான்: பழைய பேரேட்டைப் புதிய பேரேட்டில் அப்படியே பெயர்த்து எழுதி வேலையை முடிக்கவில்லை. ஆட்கள் நேரில் வந்து வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இறந்தவர்கள் வரிசைக்கு வரமாட்டார்கள், ஊருக்குப் போய்த் திரும்பாதவர்களும் வரமாட்டார்கள். கணினிக்காரர்கள் பாஷையில் சொன்னால், அது நகலெடுப்பு அல்ல, மறுபதிவு. மெதுவான வேலை, ஆனால் பேய்க் கணக்குகள் தங்காது.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் நகல்தான். 1981இல் தேசியக் கணினி வாரியம் அமைந்தது. அரசாங்க அலுவலகங்களைக் கணினிமயமாக்கும் திட்டமும் அப்போதே. ஐசி எண் ஒவ்வொரு இலாகாவின் கணினியிலும் சாவித் துவாரமாக உட்கார்ந்தது. வீடு மாறினால் ஒரு இடத்தில் சொன்னால் போதும், மற்ற இலாகாக்களுக்கு விவரம் தானாகப் போய்விடும் என்ற வசதி வந்தபோது மக்கள் மகிழ்ந்தார்கள், நியாயமான மகிழ்ச்சிதான். 2003 மார்ச்சில் சிங்பாஸ் வந்தது. அதுவரை இலாகாவுக்கு ஒன்றாக இருந்த கணக்குகளுக்குப் பதில் ஒரே கணக்கு. பயனர் பெயர்? ஐசி எண். 2008இல் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 60,000 பேரின் கணினி, மின்னஞ்சல், வலைப்பின்னல் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் கொண்டுவர, இடிஎஸ் நிறுவனம் தலைமையிலான கூட்டமைப்புக்கு 130 கோடி வெள்ளி ஒப்பந்தம் தரப்பட்டது. இலாகா இலாகாவாக அந்தக் கணக்குகளை நகர்த்திய வெள்ளி இரவுகளில் எத்தனை அண்ணன்கள் எத்தனை தம்பிகளிடம் அதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி சிங்ஹெல்த்.

நோயாளிகளின் மின்பதிவுகள் எஸ்சிஎம் என்ற மென்பொருளில் இருந்தன. அதன் தரவுத்தளம் முன்பு சிங்கப்பூர் பொது மருத்துவமனையில், அதாவது ஊட்ரம் எஸ்ஜிஹெச்சில், உள்ளூர்க் கணினி நிலையத்தில் இருந்தது. மருத்துவர்களும் தாதியரும் அங்கிருந்த சிட்ரிக்ஸ் சர்வர்கள் வழியாக அதற்குள் போனார்கள். 2017 ஜூனில் தரவுத்தளத்தை ஹெச்-கிளவுட் என்ற புதிய மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே புதிய சிட்ரிக்ஸ் சர்வர்கள் வந்தன. மருத்துவர்களுக்குப் பழைய எஸ்ஜிஹெச் சர்வர்களால் இனி இந்த வேலையில் பயனில்லை.

ஆனால் அவை ஓடிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து புதிய வீட்டுத் தரவுத்தளத்துக்கு வலைப்பின்னல் வழியும் திறந்தே இருந்தது. ஏன் என்று விசாரணையில் கேட்டபோது கிடைத்த பதில், நிர்வாகிகளின் வசதி. சில கருவிகளை அங்கிருந்தே இயக்கிப் பழகிவிட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஊழல் இல்லை, வெறும் வசதி. ஒரு எளிய பாதுகாப்பு ஆய்வு செய்திருந்தால்கூட இந்தத் திறந்த வழி கண்ணில் பட்டிருக்கும் என்று குழு எழுதியது.

அந்தப் பழைய சர்வர்களில் கணக்குகளும் அப்படியே இருந்தன. தாக்கியவன் பயன்படுத்தியவற்றில் ஒன்று, அந்தந்த மெஷினுக்கே உரிய ஒரு நிர்வாகிக் கணக்கு. அதன் கடவுச்சொல் 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்தான். ஏ-க்குப் பதில் அட் குறி, ஓ-க்குப் பதில் பூஜ்யம். சிரிக்க வேண்டாம். பெரிய எழுத்து உண்டு, சின்ன எழுத்து உண்டு, எண் உண்டு, குறி உண்டு, எட்டு எழுத்து நீளம். ஆபீஸ்களில் சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் விதிகள் அத்தனையையும் அது பாஸ் செய்துவிடும். நிர்வாகிகள் இரண்டடுக்குச் சரிபார்ப்போடுதான் நுழைய வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. ஆனால் அது மட்டுமே வழி என்று ஆக்கப்படவில்லை. முன்வாசலில் காவலாளி, பின்வாசல் திறந்தபடி.

இன்னும் வருத்தமானது இது. 2017 தொடக்கத்திலேயே ஒரு தணிக்கைச் சோதனை நடந்திருந்தது. பலவீனமான நிர்வாகிக் கடவுச்சொற்களும் சிட்ரிக்ஸ் அமைப்பில் இருந்த ஓட்டைகளும் அதில் எழுதித் தரப்பட்டிருந்தன. சரிசெய்யும் வேலை அரைகுறையாக நடந்தது. தாக்குதல் நடந்தபோதும் அவற்றில் பல அப்படியே இருந்தன. தாக்கியவன் முதலில் ஒரு கணினிக்குள் கால் வைத்தது 2017 ஆகஸ்ட் 23. வீடு மாறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிறகு பத்து மாதம் மெல்ல மெல்ல நகர்ந்தான். 2018 ஜூனில் பழைய சர்வரிலிருந்து தரவுத்தளத்தின் கதவைத் தட்டிப் பார்த்தான்: இல்லாத பெயர்களில், போதிய உரிமை இல்லாத கணக்குகளில். கதவு திறக்கவில்லை. அந்தத் தோல்விகள் பதிவேட்டில் விழுந்தன, சில ஊழியர்கள் கவனிக்கவும் செய்தார்கள், மேலே சொல்லத் தாமதித்தார்கள். ஜூன் 26 வாக்கில் சரியான கணக்கு ஒன்றின் சாவி கிடைத்தது. ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை அள்ளினான். ஜூலை 4 அன்று, வழக்கத்துக்கு மாறான தேடல்கள் ஓடுவதைக் கவனித்து நிறுத்தியவர் ஒரு சாதாரணத் தரவுத்தள நிர்வாகி. அறிக்கையில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

2019 ஜனவரியில் தண்டனைகள் வந்தன. தகவல் தொழில்நுட்பப் பணியைச் செய்த ஐஹெச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளி, சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளி அபராதம். ஊழியர் இருவர் வேலையிழந்தார்கள், தலைமை நிர்வாகி உட்பட மேலதிகாரிகள் சிலருக்குப் பண அபராதம். வேலையிழந்தவர்கள் செய்த தவறுகளை அறிக்கை விவரமாகவே சொல்கிறது, அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் பழைய சர்வரை அணைக்கும் நாளைக் குறித்து அதற்குப் பொறுப்பாக ஒரு ஆளை நியமித்து, அணைத்ததைச் சரிபார்ப்பதற்கு எந்த ஆபீஸில் சம்பள உயர்வு கொடுக்கிறார்கள்? புது மையம் திறந்தால் ரிப்பன் வெட்டுவார்கள். பழையதை மூடும் நாளுக்குக் கேக்கூட வாங்க மாட்டார்கள்.

அதே ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது. எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரம் இணையத்தில் கசிந்திருந்தது. அது ஹேக்கிங்கே இல்லை. பார்க்க உரிமை இருந்த ஒருவர் வழியாக வெளியே போன நகல். பதிவேட்டுக்குப் போட்ட பூட்டு பதிவேட்டில் இருந்தது, நகலில் இல்லை. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டவர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நேரில் சொல்ல முடிந்திருக்கும்? அந்த எஸ்எம்எஸ்ஸை யார் திறந்து பார்த்திருப்பார்கள், டார்மெட்டரி அறையில் யாருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு?

அந்த ஆண்டே அரசுத்துறைத் தரவுப் பாதுகாப்பை ஆராய ஒரு குழு அமைந்தது. அதன் பிறகு செய்யப்பட்டவற்றில் பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒன்று, அரசு ஊழியர் வேலை மாறினாலோ விலகினாலோ அவருடைய கணக்கைத் தானாக நீக்கும் ஒரு மைய ஏற்பாடு. கணக்குத் தணிக்கைத் தலைவரின் ஆண்டறிக்கைகளில், விலகியவர்களின் கணக்கு நீக்கப்படாமல் இருந்தது என்ற குறை பல முறை வந்திருக்கிறது. மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். 'தெரியாதத தொடாத' என்று சொல்ல அண்ணன் இல்லாத மெஷின்தான் இந்த வேலைக்குச் சரி.

ஆனால் பயனர் பெயரையே கடவுச்சொல்லாக வைக்கும் அந்தப் பழைய வசதியை நாடே ரொம்ப நாளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஐசி எண் நம்மை இன்னார் என்று சொல்லும் பெயர். வங்கியிலும் காப்பீட்டிலும் போனில் பேசுபவர் 'நீங்கள்தானா' என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்கும் சாவியும் அதுவே. பெயர் என்றால் எல்லோருக்கும் தெரியலாம், சாவி என்றால் ஒருவருக்கும் தெரியக்கூடாது. இரண்டாகவும் ஒன்றே இருக்க முடியாது. இதைச் சரிசெய்ய, எண்ணைப் பாதி மறைத்துக் காட்டுவதை இலாகாக்கள் கைவிட வேண்டும் என்று 2024 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை போனது. அதைத் தப்பாகப் புரிந்துகொண்ட நிறுவனப் பதிவு ஆணையம், டிசம்பர் 9 அன்று திறந்த புதிய பிஸ்ஃபைல் தளத்தில், பெயரைத் தட்டினால் முழு எண்ணும் வரும்படி வைத்துவிட்டது. டிசம்பர் 13 இரவு மூடும்வரை ஐந்து நாளில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட தேடல்கள். அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். 2025 ஜூனில், ஐசி எண்ணைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று தனியார் நிறுவனங்களுக்கு அறிவுரை போனது.

அதற்குப் பிறகு ஒருநாள் அதே அக்கா போனைக் கொண்டுவந்தார். காப்பீட்டுப் பத்திரம் பிடிஎஃப்பாக வந்திருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது. மின்னஞ்சலைப் படித்துப் பார்த்தேன். கடவுச்சொல்: உங்கள் அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், அதைத் தொடர்ந்து பிறந்த தேதி. "சொல்லுங்கக்கா, உங்க ஐசி நம்பர் என்ன?" என்றேன். தேக்கா மார்க்கெட் கீழ்த்தளத்து சாப்பாட்டுக்கடை மேசை அது, மதியக் கூட்டம். அக்கா நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். பிறந்த தேதியையும்.